வெள்ளிக் காசின் கறை

ஒரு நாட்டின் வரலாற்றை அறிதற்குக் கல்வெட்டும் செப்பேடும் இலக்கியமும் துணைபுரிவது போல நாணயமும் துணைபுரிகின்றது. கல்வெட்டு நாட்டிய இடத்திலேயே நிற்பது. செப்பேடு உரியவரின் பேழைக்குள் உறங்குவது. நாணயமோ அரசனின் கருவூலத்திலிருந்து புறப்பட்டு, வணிகன் கையிலும் உழவன் கையிலும் கூலியாளின் மடியிலும் உலாவி, ஈற்றில் மண்ணுக்குள்ளோ கடலுக்குள்ளோ மறைந்து, பல நூற்றாண்டுகளின் பின் வெளிவந்து சான்று கூறுவது. அச்சான்று முழுவதும் அதன் மேற்பரப்பிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. மேற்பரப்புக் கெட்டால் சான்றும் கெட்டுவிடும்.

நாணயமாக வழங்கிய மூன்று உலோகங்களுள் பொன் எளிதிற் கறுப்பதில்லை. செம்பு களிம்பேறும் என்பதை எவரும் அறிவர். அது கறுத்தாலோ பச்சை பூத்தாலோ ஒருவரும் வியப்பதில்லை. வெள்ளியின் நிலை வேறு. அதன் மதிப்பே வெண்மையில் இருப்பதாக மக்கள் கருதிவந்தனர். ஆதலால் ஒரு புள்ளி தோன்றினாலும் அது குறையாகத் தெரிகின்றது; அதனைத் துடைத்துவிட வேண்டும் என்னும் எண்ணமும் உடனே எழுகின்றது. அவ்வெண்ணமே பல அரிய காசுகளுக்கு எமனாக முடிந்திருக்கின்றது. கறை படிந்த காசு இன்னும் வாசிக்கத்தக்கது. தேய்த்துத் துலக்கிய காசோ தன் எழுத்தையும் உருவத்தையும் இழந்து, வெறும் வெள்ளித் துண்டாய் நிற்பது.

இலங்கையிலே வெள்ளி நாணயத்தின் வரலாறு மிகப் பழையது. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் இந்தியா எங்கும் வழங்கிய முத்திரையிட்ட வெள்ளிக் காசுகள் இத்தீவிலும் பல இடங்களிற் கிடைத்துள்ளன. வெள்ளித் தகட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, நிறை சரிபார்த்து, ஞாயிறு, விலங்கு, மரம் முதலிய குறிகளை ஒவ்வொன்றாகப் பதித்த காசுகள் அவை. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் நந்தியும் பிறையும் ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல்லும் பொறித்த நாணயங்களை வெளியிட்டனர். அவற்றுட் பெரும்பாலானவை செம்பினாலானவை; வெள்ளியில் அமைந்தவை மிகச் சிலவே. இவையனைத்தையும் தொகுத்து ஆராய்ந்த கொட்றிங்ரன் என்பவர், 1924ஆம் ஆண்டிலே கொழும்பு நூதனசாலையின் வெளியீடாக இலங்கை நாணயங்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். இத்துறையிற் புகுவோருக்கு அந்நூல் இன்றும் அடிப்படையாக விளங்குகின்றது.

வெள்ளியின் வெண்மைக்கும் அதன் நம்பகத்தன்மைக்கும் உள்ள தொடர்பை விளக்கும் செய்தி ஒன்று கண்டி இராச்சிய வரலாற்றிற் காணப்படுகின்றது. பாரசீகக் குடாவை அடுத்த லார் என்னும் நகரின் பெயரால் வழங்கிய ‘லாரின்’ என்னும் நாணயம், இந்துமாக்கடல் வணிகத்தில் பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளிற் பெருவழக்காக இருந்தது. அது வட்டக் காசன்று. வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து, முத்திரையிட்டுச் செய்தது. இலங்கையில் அக்கம்பியைத் தூண்டில் முள்ளைப் போல வளைத்தனர். ஆதலின் சிங்கள மக்கள் தூண்டில் வெள்ளி எனப் பொருள்படும் பெயரால் அதனை அழைத்தனர்.

கண்டி அரசனின் ஆட்சியிலே 1660 முதல் 1679 வரை கைதியாக வாழ்ந்து தப்பிச் சென்ற ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் இக்காசைப் பற்றி எழுதியுள்ளார். அரசனின் இசைவோடு எவரும் இக்காசைச் செய்யலாம் என்றும், தாம் விரும்பிய குறியை அதில் இடலாம் என்றும் அவர் கூறுகின்றார். அவ்வாறாயின் அதன் தரத்துக்கு யார் பொறுப்பு? தீயே பொறுப்பு. ஐயம் எழுந்தால் காசை நெருப்பிலிட்டுச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் அமிழ்த்துவர். வெளிவரும்போது தூய வெண்மையாக இல்லாவிடில் அதனை எவரும் ஏற்பதில்லை என்று நொக்ஸ் குறித்துள்ளார்.

இச்சோதனைக்கு இன்றைய இரசாயனம் தெளிவான விளக்கம் தருகின்றது. தூய வெள்ளியைக் காற்றிற் காய்ச்சினால் அது ஒட்சிசனோடு சேர்ந்து கறுப்பதில்லை. செம்பு கலந்திருந்தால், அச்செம்பு ஒட்சைட்டாக மாறி மேற்பரப்பைக் கறுக்கச் செய்யும். எனவே அரச முத்திரையின்றியே, கறையைக் கொண்டு கலப்படத்தைக் கண்டறியும் முறை ஒன்று மலைநாட்டு மக்களிடையே வழங்கிற்று. அவர்களுக்குக் கறை அழகுக் குறை அன்று. நாணயத்தின் நாணயத்தையே ஐயுறச் செய்யும் அடையாளம். நேர்மைக்கும் காசுக்கும் ‘நாணயம்’ என்னும் ஒரே சொல் தமிழில் வழங்குவது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அக்காலத்துக்கு அடுத்து வந்த வெள்ளிக் காசுகளின் கதை இன்னும் வியப்பானது. இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், கிரிந்தையை அடுத்த கடலில், ‘கிரேற் பாசஸ்’ எனப்படும் பாறைத்தொடர் ஒன்று உண்டு. ஆழமற்ற இடம் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லே பாசஸ் எனத் திரிந்தது. சிங்கள வழக்கில் அது இராவணன் கோட்டையோடு தொடர்புபடுத்தப்படும். 1873இல் அங்கு வெளிச்சவீடு ஒளிரத் தொடங்கும் முன்னர், இரவில் அவ்வழி வந்த மரக்கலங்களுக்கு அப்பாறைகள் பேரிடராக இருந்தன. பருவக்காற்றுகளின் இடையே ஆண்டிற் சில வாரங்கள் மட்டுமே அங்குக் கடல் அடங்கியிருக்கும்.

1961ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அக்காலத்தில் இலங்கையிற் குடியிருந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கின் தோழரான மைக் வில்சன், அப்பாறையை அடுத்து நீரில் மூழ்கியபோது பழைய கலமொன்றின் சிதைவுகளைக் கண்டார். சிறு வெண்கலப் பீரங்கிகளோடு, கல்லைப் போல இறுகிய கட்டிகளும் கிடைத்தன. அக்கட்டிகள் உண்மையில் வெள்ளி ரூபாய்களின் குவியல்கள். 1963இல் நீரடித் தொல்லியலாளர் பீற்றர் துரொக்மோட்டனின் துணையோடு மீண்டும் ஆய்வு நடைபெற்றது. அடுத்த ஆண்டு கிளாக் இக்கண்டெடுப்பைப் பற்றித் தனி நூல் எழுதி வெளியிட்டார்.

அந்த ரூபாய்கள் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் பெயரால் சூரத்து நாணயசாலையில் அடிக்கப்பட்டவை. அவற்றிற் காணப்படும் ஹிஜிரி ஆண்டு 1113, அது கி. பி. 1701 ஜூன் முதல் 1702 மே வரையுள்ள காலத்துக்கு ஒப்பானது. மேலைநாட்டு வணிகர் கொணர்ந்த வெள்ளி சூரத்தில் உருக்கப்பட்டு ரூபாயாக மாறுவது அந்நாளைய வழக்கம். ஒரு ரூபாயின் நிறை ஏறத்தாழ பதினொன்றரைக் கிராம். ஆயிரம் ரூபாய் கொண்ட பை ஒன்றின் நிறை பதினொன்றரைக் கிலோ ஆகும். பை உக்கி அழிந்தபின்னும் காசுகள் பையின் வடிவிலேயே ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

கறையைப் பற்றிய கருத்தொன்று இக்காசுகளிலேயே அடங்கியுள்ளது. ஔரங்கசீப் அரியணை ஏறியதும், புனிதமான கலிமாவை நாணயத்திற் பொறிக்கும் மரபை நிறுத்தினார். பலரும் தொட்டுப் புழங்கும் பொருளில் அவ்வாசகம் இருந்தால் மாசுபடும் என்பதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அதற்கு மாற்றாகப் பாரசீகச் செய்யுள் வாசகம் ஒன்று இடப்பட்டது. பொற்காசில் அவ்வாசகம் நாணயத்தை ஒளிரும் ஞாயிற்றோடும், வெள்ளிக் காசில் ஒளிரும் முழுமதியோடும் ஒப்பிடுகின்றது. திங்களுக்குக் களங்கம் உண்டு என்பது தமிழ்ப் புலவர் அனைவரும் பாடிய செய்தி. கடலடியில் இரண்டரை நூற்றாண்டு கிடந்த அம்முழுமதிகளுக்கும் களங்கம் வந்தது.

அக்களங்கம் வந்த விதத்தை நோக்கினாற் பாதுகாப்பின் முதற் பாடம் புலனாகும். கட்டியின் வெளிப்புறத்தில் இருந்த காசுகளை உப்புநீரும் மணலும் உயிரினங்களும் தாக்கின. கடல்நீரிலுள்ள குளோரைட்டு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளிக் குளோரைட்டாகும். ஒட்சிசன் எட்டாத சேற்றுப் பகுதிகளிலோ ஒருவகை நுண்ணுயிர்கள் கந்தக வாயுவை உண்டாக்குதலால் வெள்ளிச் சல்பைட்டு உருவாகும். ஆயின் கட்டியின் நடுவில் இருந்த காசுகளுட் பல, நாணயசாலையிலிருந்து அன்றே வந்தவை போல எழுத்துத் தெளிவோடு இருந்தன. எவரும் அவற்றைத் துலக்கவில்லை. எந்த மருந்தும் பூசவில்லை. நீரும் காற்றும் புதிதாக வந்து சேராமையே அவற்றைக் காத்தது.

நிலத்தில் வெள்ளி கறுப்பதற்கும் கந்தகமே முதற் காரணம். காற்றில் மிகச் சிறிய அளவிற் கலந்துள்ள ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு, ஈரத்தின் துணையோடும் ஒட்சிசனின் துணையோடும் வெள்ளியைத் தாக்கிச் சல்பைட்டுப் படலத்தை உண்டாக்குகின்றது. தொடக்கத்தில் அப்படலம் ஒரு மில்லிமீற்றரின் பல்லாயிரத்தில் ஒரு பங்கு தடிப்பே உடையது. அப்போது காசு இளமஞ்சளாகத் தோன்றும். படலம் தடிக்கத் தடிக்கக் கபிலம், செவ்வூதா, நீலம் என நிறம் மாறி, ஈற்றிற் கருமை எய்தும். சவர்க்காரக் குமிழியில் நிறங்கள் தோன்றும் அதே ஒளியியல் விதியே இதற்கும் காரணமாகும். சீராகப் படிந்த இத்தகைய படலத்தை நாணயவியலார் குறையாகக் கொள்வதில்லை. பழமையின் சான்றாக மதிப்பர்.

புள்ளிகள் தோன்றுவது வேறு வகை. அவை காசின் ஓரிடத்தில் மட்டும் ஒரு பொருள் பட்டதனால் வருபவை. காசைக் கையில் வைத்துப் பேசும்போது தெறிக்கும் எச்சிற்றுளி, சில மாதங்களின் பின் கரும்புள்ளியாக முளைக்கும். விரலின் வியர்வையிலுள்ள உப்பு, ரேகையின் வடிவிலேயே கறையாகப் பதியும். தூசு ஈரத்தை உறிஞ்சித் தான் இருந்த இடத்தை அரிக்கும். செம்பு கலந்த வெள்ளியில், செம்பு மிகுந்த நுண்பகுதிகளே முதலிற் கெடும்.

கொழும்பு நகர் இவ்வகையில் வெள்ளிக்கு உகந்த இடமன்று. ஒருபுறம் கடற்காற்று உப்பைக் கொணர்கின்றது. காற்றின் ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதியில் 75 வீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கின்றது. மருதானையை எடுத்துக்கொள்வோமாயின், பேரை வாவியும் சென் செபஸ்தியன் கால்வாயும் அண்மையில் உள்ளன. தேங்கிய நீரும் சேறும் கந்தக வாயுவின் ஊற்றுக்கள். முற்காலத்தில் மருதானைப் புகையிரத நிலையத்திலே நிலக்கரி எஞ்சின்கள் கக்கிய புகையும் கந்தகம் நிறைந்தது. இன்று வாகனப் புகை அதன் இடத்தைப் பிடித்துள்ளது. மலைநாட்டின் உலர்ந்த பேழையில் ஒரு தலைமுறை வெண்மையாய் இருக்கக்கூடிய காசு, மருதானைச் சந்தியை அடுத்த வீட்டின் திறந்த அலுமாரியில் விரைவில் நிறம் மாறுவது இயல்பே.

இங்குள்ள இல்லங்களிற் பெரும்பாலும் இருக்கக்கூடிய வெள்ளிக் காசுகள் இரு வகையின. ஒன்று, பிரித்தானியர் காலத்துச் சதக் காசுகள். 1892 முதல் வெளிவந்த ஐம்பது சத, இருபத்தைந்து சத, பத்துச் சத வெள்ளிக் காசுகள் 80 வீத வெள்ளி உடையவை. முதல் உலகப் போரினால் வெள்ளியின் விலை ஏறவே, 1919இல் வெள்ளி 55 வீதமாகக் குறைக்கப்பட்டது. எஞ்சியதிற் செம்பு மிகுதியாதலால், இக்காசுகள் தேயுந்தோறும் மஞ்சள் நிறமும் புள்ளியும் காட்டும். மற்றொன்று, புத்த ஜயந்தியை முன்னிட்டு 1957இல் வெளியிடப்பட்ட ஐந்து ரூபாய் நாணயம். 28 கிராமுக்குச் சற்று மேற்பட்ட நிறையும் 92.5 வீத வெள்ளியும் உடைய பெருங்காசு அது. புழக்கத்துக்கு அன்றி நினைவுக்காகவே மக்கள் அதனைச் சேமித்து வைத்தனர். பட்டுத் துணியிலும் கடதாசியிலும் பொதிந்து வைத்த அக்காசுகள், இன்று பேரர் கைகளிற் கறையோடு வெளிவருகின்றன.

அவ்வேளையில் வீட்டார் செய்வது யாது? குத்துவிளக்கைத் துலக்கும் புளியையும் தேசிக்காயையும் சாம்பலையும் எடுக்கின்றனர். வெள்ளிப் பாத்திரத்துக்குத் திருநீறு சிறந்தது என்பது தமிழ் இல்லங்களின் நெடுநாள் வழக்கு. பாத்திரத்துக்கு அது பொருந்தும், நாணயத்துக்குப் பொருந்தாது. திருநீற்றின் நுண்துகள் வெள்ளியை அராவும். புளியின் அமிலம் செம்பை முதலில் கரைத்து மேற்பரப்பைத் துளையுடையதாக்கும். ஒருமுறை தேய்த்ததும் காசு பளிச்சிடும். ஆயின் அப்பளிச்சிடு நாணயசாலையின் அச்சு தந்த ஒளியன்று, கீறல்களின் ஒளி. இழந்த மேற்பரப்பு எவ்விதத்தாலும் மீளாது. கீறுண்ட பரப்பு முன்னிலும் விரைவாகக் கறுக்கும் என்பதும் அறியத்தக்கது.

கெட்டபின் திருத்துவதினும் கெடாமற் காப்பதே மேல் என்னும் உண்மையை அருங்காட்சியகங்களும் அனுபவத்தாலேயே கற்றன. முதல் உலகப் போர்க்காலத்தில், விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பிரித்தானிய நூதனசாலையின் அரும்பொருள்கள் இலண்டனின் நிலத்தடிச் சுரங்கங்களில் வைக்கப்பட்டன. போர் முடிந்து வெளியே எடுத்தபோது, குண்டு செய்யாத கேட்டை ஈரம் செய்திருந்தது. அதன் விளைவாக அலெக்சாந்தர் ஸ்கொட் என்னும் இரசாயன அறிஞரின் கீழ் அங்கு ஆய்வுகூடம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தில் 1930இல் இத்தகைய ஆய்வுகூடம் அமைந்தது. அங்குப் பணியாற்றிய எஸ். பரமசிவன், களிம்பேறிய வெண்கலத் திருமேனிகளை மின்னிரசாயன முறையால் மீட்டுப் புகழ்பெற்றார்.

1973இல் பிரித்தானிய நூதனசாலையின் அன்ட்ரூ ஒடி எளிய சோதனை ஒன்றை வகுத்தார். பேழைக்குப் பயன்படுத்த எண்ணும் மரத்தின் அல்லது துணியின் துண்டை, வெள்ளி, ஈயம், செம்பு ஆகியவற்றின் சிறு தகடுகளோடும் சிறிதளவு நீரோடும் கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 பாகை வெப்பத்தில் 28 நாள் வைப்பர். தகடு கறுத்தால் அப்பொருள் பேழைக்கு ஆகாது. காசு கறுத்தபின் வருந்துவதற்கு முன், பேழையையே ஐயுற்றுச் சோதிக்கும் முறை இது.

இவ்வறிவை இல்லத்திற் கைக்கொள்வது கடினமன்று. காசை விளிம்பிலே மட்டும் பிடித்தல் வேண்டும். மென்துணியை விரித்து, அதன்மேற் பிடித்துப் பார்த்தல் நலம். பார்க்கும்போது காசின் மேலாகப் பேசலாகாது. இறப்பர்ப் பட்டி, கம்பளி, சாதாரணக் கடதாசி உறை, பசை நாடா என்பன கந்தகமோ அமிலமோ உடையன, அவற்றை அண்டவிடலாகாது. மலிவான பி. வி. சி. உறைகள் காலப்போக்கிற் பச்சை நிறமான பிசுபிசுப்பைக் கசிந்து காசை அரிக்கும். பொலியெஸ்டர், பொலிபுரொப்பிலீன், பொலிஸ்டைரீன் ஆகியவற்றாலான உறைகளும் கூடுகளும் தீங்கற்றவை. அவற்றை இறுக மூடும் பெட்டியில் வைத்து, உடன் ஈரமுறிஞ்சும் சிலிக்காக் குருணைப் பொதி ஒன்றையும் இட வேண்டும். அக்குருணைகளைக் காலத்துக்குக் காலம் சூடாக்கி உலர்த்திப் பயன்படுத்தலாம். சமையலறை, குளியலறை, புதிதாக வண்ணம் பூசிய அலுமாரி ஆகியவை பெட்டி வைப்பதற்கு ஏற்றவையல்ல.

காசில் எண்ணெய்ப் பசையோ பி. வி. சி. பிசுபிசுப்போ பட்டிருந்தால், தூய அசற்றோனில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்து, தேய்க்காமல் உலரவிடலாம். அத்திரவம் வெள்ளியைத் தாக்காது. எளிதில் தீப்பற்றக்கூடியதாதலால், நெருப்பு அற்ற, காற்றோட்டமுள்ள இடத்திலேயே அதனைக் கையாளல் வேண்டும். மண் படிந்திருப்பின் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்துணியில் ஒற்றி எடுப்பது போதும். கடையில் விற்கும் துலக்கு நீர்மங்கள் கறையோடு வெள்ளியின் மெல்லிய படையையும் கொண்டுபோகும். அவற்றை அரிய காசில் இடுதல் தகாது. கறை ஆழமாயின் அதனை அவ்வாறே விட்டு, மேலும் பரவாதபடி காப்பதே அறிவுடைமை.

இன்றைய நாணயசாலைகளும் இச்சிக்கலிலிருந்து முற்றாக விடுபடவில்லை. சேகரிப்போருக்காக 99.9 வீதத்துக்கு மேற்பட்ட தூய வெள்ளியில் அடிக்கப்படும் காசுகளில், பாற்றுளி போன்ற வெண்புள்ளிகள் சிலகாலத்தின் பின் தோன்றுவதுண்டு. அச்சிடும் முன் வெற்றுத் தகடுகளைக் கழுவிய இரசாயனத்தின் எச்சமே அதற்குக் காரணமெனக் கருதப்படுகின்றது. கனடா அரச நாணயசாலை இதனைத் தடுக்கும் மேற்பரப்புச் சிகிச்சை ஒன்றை 2018இல் அறிமுகப்படுத்திற்று. பொறியும் அறிவியலும் மிகுந்த இக்காலத்திலும், கழுவியதன் எச்சமே கறையாகின்றது என்பது கருதத்தக்கது.

கண்டிநாட்டுத் தூண்டிற்காசைத் தீயிலிட்டுச் சோதித்த மக்களுக்கு அது அன்றாடச் செலவுக்குரிய பணம். அதன் வெண்மையை அவர்கள் வேண்டியது முறையே. இன்று அக்காசைக் கையிலேந்துபவருக்கு அது பணமன்று. அதில் முத்திரையிட்டவன் யார், எந்நாட்டு வெள்ளி எவ்வழி வந்தது, எத்தனை கைகளில் அது தேய்ந்தது என்பவற்றைக் கூறும் ஆவணம். பாட்டன் வைத்துச் சென்ற உறுதியோலையை வெள்ளையாக்க வேண்டி எவரும் சலவைக்கு இடுவதில்லை. அவ்வாறே பழங்காசையும் உள்ள நிறத்தோடு ஏற்று, ஈரமும் கந்தகமும் அணுகாமல் வைத்து, அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்தல் வேண்டும். அத்தலைமுறையினர் அதில் எதனை வாசிக்கப் போகின்றனர் என்பதை இன்றே அறுதியிட்டுக் கூற எவராலும் இயலாது. வாசிப்பதற்கு எழுத்து எஞ்சியிருக்கச் செய்வது மட்டும் இன்று காசை வைத்திருப்போரின் கடமையாகும்.